பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான்... கானாடுகாத்தானில் ஒரு சோழவந்தான் குடும்பம்!

கானாடுகாத்தான் தெருக்களில் பகல் 11 மணிக்கு நடந்தால் ஆள் சத்தமே இருக்காது. நூல் பிடித்த மாதிரி நேரான தெருக்கள். இரண்டு பக்கமும் கோட்டை போல உயர்ந்த மதில்கள். ஒரு வீட்டின் முன்வாசல் இந்தத் தெருவில் இருந்தால், அதே வீட்டின் கொல்லைவாசல் அடுத்த தெருவில் இருக்கிறது. மாடத்து உச்சியில் சுதையில் செய்த கஜலட்சுமி, அவளுக்குப் பக்கத்திலேயே தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய். கதவில் பூட்டு.

பத்து வீட்டைக் கடந்தால் ஒன்றில்தான் ஆள் இருப்பது தெரிகிறது. திறந்திருக்கும் அந்த வீடுகளைப் பார்க்கத்தான் காரைக்குடிக்கு இவ்வளவு பேர் வந்துபோகிறார்கள்.

மதுரைக்காரர்களுக்கு இது ஒரே நாளில் பார்த்துத் திரும்பக்கூடிய தூரம். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர், திருப்பத்தூர், பிள்ளையார்பட்டி வழியாகக் காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர். அங்கிருந்து திருச்சி சாலையில் கொஞ்ச தூரம் போனால் கானாடுகாத்தான். சோழவந்தானிலிருந்து வருபவர்கள் மதுரைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று காலை 5 மணிக்கே கிளம்பிவிட வேண்டும். அப்படிக் கிளம்பி வந்த ஒரு குடும்பம்தான் அன்றைக்கு அந்தத் தெருவில் நின்றுகொண்டிருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தா, பாட்டி, அவர்களின் மகள், எட்டாவது படிக்கும் பேரன். ஊர் வைகைக்கு அக்கரையில் இருக்கும் தென்கரை. பாடகர் டி.ஆர்.மகாலிங்கம் பிறந்த ஊர் என்று சொன்னால் பழைய ஆட்களுக்குச் சட்டென்று புரியும்.

பேரனுக்கு இது ரீல்ஸ் எடுக்கும் இடம். தாத்தாவுக்கு வேறொரு கணக்கு இருந்தது. தென்கரையில் அவருடைய அப்பா காலத்து வீடு ஒன்று இருக்கிறது. நாட்டு ஓடு போட்ட கூரை, இரண்டு பக்கத் திண்ணை, நடுவில் முற்றம். நான்கு பங்காளிகளில் மூன்று பேருக்கு விற்றுவிடலாம் என்ற எண்ணம். இவர் மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை. 'மத்த ஊருல எல்லாம் பழைய வீட்ட என்னதான் பண்றாங்கன்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோமே' என்று மகள்தான் இழுத்து வந்திருக்கிறார்.

கொண்டுவிற்கப் போனவர்களின் ஊர்

செட்டிநாடு என்றதும் நமக்குக் கோழிக்குழம்பு ஞாபகம் வருவதில் தப்பில்லை. ஆனால், இந்த வீடுகளைக் கட்டியது கடல் தாண்டிப் போன வியாபாரம். பூம்புகாரில் கடல்கோள் வந்தபோது அங்கிருந்து கிளம்பிய வணிகர்கள் பாண்டிய நாட்டில் குடியேறினார்கள் என்பது நகரத்தார் காலம்காலமாகச் சொல்லிவரும் வரலாறு. மொத்தம் 96 ஊர்கள் என்பார்கள். இப்போது 70-க்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. வீடுகளைத் தரையிலிருந்து இவ்வளவு உயர்த்திக் கட்டியதற்குக்கூட அந்தப் பழைய வெள்ளத்தின் பயம்தான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு.

மழை சரியாகப் பெய்யாத செம்மண் பூமி. விவசாயத்தை நம்பி இங்கே இவ்வளவு பெரிய வீடு கட்டியிருக்க முடியாது. இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர், சைகோன் என்று ஆண்கள் கப்பலேறினார்கள். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'கொண்டுவிற்கப் போதல்'. பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. போய், பெட்டியடிப் பையனாக வேலை கற்று, மேலாளாகி, ஊர் திரும்பி, மறுபடியும் போவார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி கூடியது. ஐராவதி ஆற்றின் டெல்டாவில் காட்டைத் திருத்தி நெல் போட்ட பர்மிய விவசாயிகளுக்குக் கையில் பணம் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. செட்டியார்களின் லேவாதேவிக் கடைகள் அந்த இடத்தைப் பிடித்தன.

அந்தப் பணம்தான் இங்கே தூணாகவும் உத்தரமாகவும் நிற்கிறது. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து பளிங்கு, பெல்ஜியத்திலிருந்து ஆளுயரக் கண்ணாடி, ஜப்பானிலிருந்து பூப்போட்ட சுவர் ஓடு, இங்கிலாந்திலிருந்து இரும்புத் தூண். அத்தனையும் கப்பலில் வந்து, துறைமுகத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் இந்தப் பொட்டல்காடு வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சுற்றுலா கைடுகள் அதை அவ்வளவாகச் சொல்வதில்லை. 1930-களில் உலகம் முழுக்கப் பொருளாதாரம் சரிந்தபோது அரிசி விலை பாதாளத்துக்குப் போனது. கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவிகித நிலம் அவர்களிடம் இருந்தது. 1938-ல் அது 25 சதவிகிதம் ஆனது. அவர்களுக்கு வேண்டியிருந்தது கொடுத்த பணம். கிடைத்ததோ விற்கவும் முடியாத வயல். நிலத்தை இழந்த பர்மியர்களுக்கு ஆத்திரம். 1942-ல் ஜப்பான்காரர்கள் ரங்கூனைப் பிடித்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும் கால்நடையாகவும் தப்பி ஓடிவந்தார்கள். சுதந்திர பர்மா 1948-ல் நிலங்களை அரசுடைமையாக்கச் சட்டம் போட்டது. 1960-களில் மிச்சமிருந்த கடைகளும் போயின.

பணம் வருவது நின்றுபோனது. வீடுகள் மட்டும் நின்றன.

வளவுக்குள்ளே

சில வீடுகளில் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் செட்டிநாடு அரண்மனைக்குள் பொதுவாக அனுமதி இல்லை. வெளியே நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியவர் இந்த ஊர்க்காரர் என்பது பலருக்குப் புதுத் தகவலாக இருக்கும்.

சோழவந்தான் குடும்பம் போனது அவ்வளவு பெயர் பெறாத ஒரு வீட்டுக்கு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஐம்பதைத் தாண்டியவர். சாவிக்கொத்தை இடுப்பில் செருகியபடி கதவைத் திறந்தார்.

"வாங்கய்யா, வாங்கம்மா. செருப்ப முகப்புலயே விட்ருங்க. தரை வழுக்கும், பையனப் பாத்து நடக்கச் சொல்லுங்க."

முகப்பு, அதைத் தாண்டினால் விருந்தினர்களை உட்கார வைக்கும் பட்டாலை, அடுத்து வானம் பார்த்த வளவு. வளவைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. படுப்பதற்கு என்பதைவிட அவனுடைய மனைவி கொண்டுவந்த சீரைப் பூட்டி வைப்பதற்கு என்று சொன்னால் சரியாக இருக்கும். அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி, கிணறு. முகப்பில் நின்று பார்த்தால் கடைசிக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் வெளிச்சம் தெரிகிறது. பேரன் தூண்களை எண்ண ஆரம்பித்து இருபத்தெட்டில் விட்டுவிட்டான்.

இப்படி ஒரு வீட்டைக் கட்டியவர் அதில் எத்தனை நாள் இருந்திருப்பார்? மூன்று வருடம் ரங்கூன், சில மாதம் ஊர், மறுபடி ரங்கூன். ஆண்கள் ஊரில் இல்லாத வீடுகளாகத்தான் இவை இருந்திருக்கின்றன. பெரும்பாலான பெண்கள் கப்பலேறவில்லை. நெல்லை அளந்து போட்டதும், பிள்ளைகளை வளர்த்ததும், ஊறுகாய் ஜாடி முதல் கல்யாணச் செலவு வரை கணக்குப் பார்த்ததும் ஆச்சிகள்தான். மாமியாரும் மருமகளும் ஒரே வளவில் தனித்தனி அடுப்பு வைத்துச் சமைத்த வழக்கத்தைப் பற்றி அந்த அம்மா சொன்னபோது, தென்கரைப் பாட்டி மட்டும் 'நல்ல ஏற்பாடுதான்' என்று மெதுவாகச் சிரித்தார்.

சுவரைத் தொட்டுப் பார்க்கும்போது நம்பக் கஷ்டமாக இருக்கிறது. பளிங்கு மாதிரி வழவழப்பு. வெளியே அனல் அடிக்கும்போதும் சுவர் குளிர்ச்சியாக இருக்கிறது. சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. நூறு வருடத்தில் வெள்ளையடிக்கவே இல்லாத சுவர்கள் உண்டு என்கிறார்கள்.

ஆனால், மேற்கு மூலையில் ஒரு ஆள் உயரத்துக்குச் சுவர் உப்புப் பொரிந்து நின்றது. தாத்தாவின் கண் அங்கேதான் போனது.

"ஏம்மா, இது எதனால இப்படி ஆச்சு?"

"சிமென்ட்டு பூசினதுதாங்கய்யா. பத்து வருசத்துக்கு முன்னாடி ஒழுகுதுன்னு கொத்தனார வச்சுப் பூசினாங்க. ரெண்டு மழைக்கு நல்லா இருந்துச்சு. அப்புறம் பொரிஞ்சு கொட்டுது, பக்கத்துல இருந்த பழைய பூச்சையும் சேத்து இழுத்துட்டு வருது."

இது முக்கியமான விஷயம். பழைய வீடு வைத்திருக்கும் யாரும் குறித்துக்கொள்ளலாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். மராமத்து என்று நினைத்துச் செய்வதே சுவருக்கு வினையாகிவிடும். அதனால்தான் செட்டிநாட்டில் ஒழுங்காகப் புதுப்பித்த இடங்களில் மறுபடியும் சுண்ணாம்புக்கே போயிருக்கிறார்கள்.

தென்கரை வீட்டின் பின்சுவரில் நான்கு வருடத்துக்கு முன்பு பூசியது சிமென்ட்தான். தாத்தா அதற்கப்புறம் கொஞ்ச நேரம் யாரிடமும் பேசவில்லை.

மேலே பார்த்தால் அடுத்த பிரச்னை. பர்மா தேக்கைக் கரையான் அவ்வளவு சீக்கிரம் தொடாது. ஆனால் ஓடு நகர்ந்து ஐப்பசி, கார்த்திகை மழை உள்ளே இறங்கினால் எந்த மரமும் தாங்காது. ஓட்டை அவ்வப்போது பிரித்து, உடைந்ததை மாற்றி, மறுபடி அடுக்க வேண்டும். குரங்கு ஓடினாலே நாலு ஓடு நகரும். ஆள் குடியிருக்கும் வீட்டில் ஒழுகும் இடம் அன்றைக்கே தெரிந்துவிடும். பூட்டிய வீட்டில் பொங்கலுக்குப் பங்காளிகள் வந்து கதவைத் திறக்கும்போதுதான் தெரியும்.

தூண் தூணாக விற்ற கதை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம், ஸ்விட்ச் போர்டு, மரப்பாச்சி, பீங்கான் ஜாடி. சின்னச் சாமான் வாங்க ஆசையாகத்தான் இருக்கும். கடைக்குள்ளே போனால் இன்னும் பெரிய சாமான்கள்: செதுக்கிய நிலைக்கதவு, முழுத் தேக்குத் தூண், ஜன்னல் வரிசை. அவை ஒரு வீட்டிலிருந்து வந்தவை என்றால், அந்த வீடு இப்போது இல்லை என்று பொருள். அந்தத் தூண்கள் பிறகு எங்கோ தூரத்து ஊரில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறையில் நிற்கும்.

இவ்வளவு வீடுகள் எப்படித் தப்பின? பெருமை, பாரம்பரியம் என்று பலரும் சொல்வார்கள். அதுவும் இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றை அந்தப் பராமரிப்பு அம்மா ஒரே வரியில் சொன்னார்: "அம்புட்டுப் பங்காளியும் கையெழுத்துப் போட்டாத்தானய்யா விக்க முடியும்?"

ஒரு தாத்தா கட்டிய வீடு. மூன்று தலைமுறை கழிந்தால் முப்பது, நாற்பது பேருக்குப் பங்கு. ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் விற்க முடியும். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் பழுதுபார்க்கவும் முடியும். விற்பனையைத் தடுக்கும் அதே பங்குதான் கூரையையும் ஒழுக விடுகிறது. பல வீடுகள் அந்த இழுபறியிலேயே மெதுவாகக் கரைகின்றன. செட்டிநாட்டில் மட்டும் நடப்பதில்லை இது. தமிழ்நாட்டில் ஓட்டு வீடு வைத்திருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் தெரிந்த சங்கதி.

ஒத்துக்கொண்ட குடும்பங்கள் சில வழிகளைக் கண்டுபிடித்திருக்கின்றன. காரைக்குடியில் 'தி பங்களா' 1999-ல் ஹோட்டலாகத் திறந்தது. செட்டிநாட்டு வீட்டுச் சாப்பாட்டை வெளியூர்க்காரர்களுக்கு வாழை இலையில் பரிமாறிப் பெயர் வாங்கியவர் அதை நடத்திய மீனாட்சி மெய்யப்பன். கானாடுகாத்தானில் இப்போது ஹோட்டலாக இருக்கும் 'விசாலம்', 1930-களில் ஓர் அப்பா தன் மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு. மகன்களுக்காகவே வீடு எழும்பிய ஊரில் அது அபூர்வம். கடியாபட்டியில் 'சிதம்பர விலாஸ்', கொத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்' இரண்டும் தங்கும் விடுதிகள். சாரதா விலாஸைப் புதுப்பித்தவர்கள் பிரான்ஸிலிருந்து வந்த கட்டடக் கலைஞர்கள் இருவர். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பிடித்தன. தற்காலிகப் பட்டியல் என்பது வரிசையில் நிற்பது மாதிரிதான், இன்னும் உள்ளே போகவில்லை.

அமெரிக்காவில் வில்லியம்ஸ்பர்க் என்று ஒரு ஊர் இருக்கிறது. ஆரம்பகாலக் குடியேறிகளின் ஊரை 1920-களின் கடைசியிலிருந்து ராக்பெல்லர் குடும்பப் பணத்தில் அப்படியே மீட்டெடுத்து, அந்தக் கால உடை போட்டவர்களைத் தெருவில் நடமாட விட்டிருக்கிறார்கள். நம் ஊரில் அதற்குப் பக்கத்தில் வருவது சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா. அங்கேயும் ஒரு செட்டிநாட்டு வீடு இருக்கிறது, பிரித்து எடுத்துவந்து திரும்ப நிறுத்தியது. குழந்தைகளுக்குக் காட்ட அருமையான இடம். என்றாலும் கானாடுகாத்தானில் கிடைப்பது வேறு. இங்கே யாரும் வேஷம் கட்டவில்லை. ஊருணிக் கரையில் உண்மையிலேயே ஒருவர் துணி துவைக்கிறார். பூட்டிய வீட்டுத் திண்ணையில் உண்மையிலேயே ஆடு படுத்திருக்கிறது.

ஹோட்டல் ஆக்குவது மட்டும்தான் வழியா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஓர் இரவு வாடகை ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மாத மளிகைச் செலவுக்குச் சமம். கட்டிய குடும்பத்துப் பிள்ளைகளே அறை புக் செய்து தங்கும் நிலை விநோதமாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த வாடகைதான் ஓடு மாற்றுகிறது, சுண்ணாம்புக் கொத்தனாருக்குக் கூலி கொடுக்கிறது, பக்கத்து ஊர்ப் பெண்கள் நாலு பேருக்குச் சம்பளம் போடுகிறது. அங்கே ஒரு தூணும் விற்பனைக்குப் போகவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சித்திரை, வைகாசியில் குழந்தைகளோடு போக வேண்டாம், வெயில் தாங்காது. கார்த்திகை முதல் மாசி வரை நல்லது. ஆத்தங்குடி, கானாடுகாத்தான் இரண்டையும் ஒரே நாளில் பஸ்ஸில் பார்ப்பது சிரமம், காரைக்குடியில் கார் பேசிக்கொள்ளலாம். மதியம் நடை சாத்தும் முன்பே பிள்ளையார்பட்டி தரிசனத்தை முடித்துவிட வேண்டும். சாப்பாட்டில் வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் கிடைத்தால் விடாதீர்கள். கவுனி அரிசி இனிப்பை அவசியம் கேட்டு வாங்குங்கள். அந்தக் கறுப்பு அரிசியே பர்மாவிலிருந்து வந்தது என்றுதான் சொல்கிறார்கள். புடவை வாங்குபவர்களுக்குக் கண்டாங்கி இருக்கிறது. அதற்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதைக் கேட்டதும் பாட்டி விடவில்லை. 'எங்க சோழவந்தான் வெத்தலைக்கும் 2023-ல வாங்கிட்டோம்ல' என்றார்.

கடைசியாக ஆத்தங்குடி. இங்கே சிறு கட்டணத்தில் பார்க்கக்கூடிய பெரிய வீடு ஒன்று உண்டு, பல சினிமாக்களில் பார்த்த வீடு. அதைவிடச் சுவாரஸ்யம் பக்கத்துத் தெருவில் டைல்ஸ் செய்யும் கொட்டகைகளில்தான். ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மெதுவாகத் தூக்கினால் பூ மட்டும் நிற்கிறது. மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு மூடி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால், கண்ணாடியில் ஒட்டியிருந்த பக்கம் பளபளவென்று வருகிறது. சூளை கிடையாது, மின்சாரம் கிடையாது. பேரன் ரீல்ஸை மறந்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்து ஒன்பது கல் செய்யும்வரை பார்த்தான்.

தாத்தா சதுர அடி என்ன விலை என்று விசாரித்தார். திண்ணைக்கு எத்தனை கல் தேவைப்படும் என்று விரலை மடக்கி எண்ணினார். அப்புறம், 'மொதல்ல கூரை, அப்புறம் தரை' என்று தானே சொல்லிக்கொண்டு எழுந்துவிட்டார். சுண்ணாம்புப் பூச்சுத் தெரிந்த கொத்தனார் ஒருவரின் நம்பரை மட்டும் மகளின் போனில் ஏற்றிக்கொண்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் திருப்பத்தூர் தாண்டியதும் சென்னையில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டார். பஸ் இரைச்சலில் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது.

"விக்கிறதப் பத்தி அப்புறம் பேசுவம்டா. ஐப்பசிக்கு முன்னாடி ஓடு பிரிச்சு வேயணும். பின்சுவத்து சிமென்ட்ட வேற கொத்தி எடுக்கணும். நாலு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டா முடிஞ்சிரும். என்ன சொல்ற?"

அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலை ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டார்கள்.

"எம்புட்டு ஆகும்னு கேட்டு அனுப்புங்கண்ணே, பாப்பம்."